ரோலர் கோஸ்டர் கம்பனியை ஒரு பூங்கா எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் வண்டர்லா பொழுதுபோக்குப் பூங்கா திறந்த பிறகு திருகோணமலையிலும் ரோலர் கோஸ்டர் பேச்சுக் கூடிவிட்டது. வண்டர்லாவில் உள்ள ‘தஞ்சோரா’ கோஸ்டரில் ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஓடாமல் கீழே தொங்கிக்கொண்டு ஓடும். செய்தது பொலிகர் அண்ட் மபியார் என்ற சுவிஸ் கம்பனி. வீடியோவைப் பார்க்கிறவர்கள், ‘சுவிஸ் சாமான், அதுதான் அப்பிடி வழுக்கிக்கொண்டு போகுது’ என்கிறார்கள். ‘காசிருந்தா சுவிஸில வாங்குவாங்கள், இல்லாட்டி சீனாவில வாங்குவாங்கள்’ என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு.

காசும் ஒரு காரணம்தான். ஆனால் கையில் நிறையக் காசுள்ள டிஸ்னி நிறுவனம் தன் பெரிய கோஸ்டர்கள் பலவற்றை வாங்கியது வெகோமா என்ற நெதர்லாந்துக் கம்பனியிடம். சின்னச் சின்னப் பூங்காக்களுக்கு ஒரே மாதிரி மலிவுக் கோஸ்டரை ஐம்பதுக்கு மேல் செய்து விற்றதும் அதே கம்பனிதான். ஆக, ‘நல்ல கம்பனி, மோசமான கம்பனி’ என்று கோடு போட்டால் கணக்குச் சரிவராது. பூங்கா பார்ப்பது வேறு விடயங்களை.

போட் எஞ்சின் வாங்குகிறவரின் கணக்கு

நிலாவெளிக் கரையில் புதிதாக அவுட்போட் எஞ்சின் வாங்கப் போகிறவர், எது வேகமாக ஓடும் என்று முதலில் கேட்பதில்லை. பக்கத்து வாடிக்காரரிடம், ‘அண்ணை, போன முறை உங்கட எஞ்சின் நிண்டபோது சாமான் எத்தனை நாளில வந்தது?’ என்றுதான் கேட்பார். மீன் படும் காலத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக எஞ்சின் பத்து நாள் கரையில் கிடந்தால், வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு அந்தப் பத்து நாளிலேயே போய்விடும். உதிரிப்பாகம் டவுனில் கிடைக்கிறதா, மெக்கானிக்குக்கு அந்த எஞ்சின் பழக்கமா, நாளைக்கு விற்றால் எடுக்க ஆள் இருக்கிறதா, இவைதான் அவர் கேள்விகள்.

ரோலர் கோஸ்டர் வாங்குகிற பூங்காவும் இதையேதான் கேட்கிறது. ஓட்டக் காலம் மட்டும் நீளம்: ஒரு கோஸ்டர் 25, 30 வருடம் ஓட வேண்டும். அந்த ஒவ்வொரு நாளும் காலையில் கதவு திறக்கும்போது அது தயாராக நிற்க வேண்டும். பூங்காவின் விளம்பரப் பலகையில் படமாக இருப்பதும் அதுதான். அது நின்றுவிட்டால் வந்தவர்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

‘கம்பனி செய்தது’ என்றால் யார் செய்தது?

ஒரு கோஸ்டர் முழுதாக ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. பாதையின் வடிவத்தை ஒருவர் வரைவார். உடம்பில் எவ்வளவு விசை ஏறும், எந்தத் தூணில் எவ்வளவு பாரம் விழும் என்று வேறொரு பொறியியல் அலுவலகம் கணக்குப் பார்க்கலாம். ஜெர்மனியின் வெர்னர் ஸ்டெங்கலுடைய அலுவலகம் பல போட்டிக் கம்பனிகளுக்கும் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது. உருக்கை வளைத்து ஒட்டுவது இன்னொரு பட்டறையாக இருக்கும். பொலிகர் அண்ட் மபியாரின் தண்டவாளங்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள கிளெர்மொன்ட் ஸ்டீல் என்ற பட்டறையில்தான் செய்யப்படுகிறது. ‘சுவிஸ் உருக்கு’ என்று மெச்சுவது பலவேளை அமெரிக்க உருக்கு.

அப்படியென்றால் அந்தக் கம்பனியிடம் என்னதான் வாங்குகிறோம்? வரைபடம், ரயில், பிரேக், கட்டுப்பாட்டு முறை, பராமரிப்புக் கைநூல். அவற்றோடு, பழுது வந்தால் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லும் ஓர் ஆள். கடைசியாகச் சொன்னது விலைப்பட்டியலில் இருக்காது. பின்னால் அதிகம் கைகொடுப்பதும் அதுதான்.

ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேர்?

பூங்காக்காரர் முதலில் பார்க்கும் எண் உயரமும் இல்லை, வேகமும் இல்லை. ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்கலாம் என்பதே. இதை ஏற்றுதிறன் என்போம். கணக்கு எளிது.

ஒரு ரயிலில் 32 கதிரை என்று வையுங்கள். 80 செக்கனுக்கு ஒரு ரயில் புறப்பட்டால் ஒரு மணித்தியாலத்தில் 45 ரயில். 45ஐ 32ஆல் பெருக்கினால் 1,440 பேர். இப்போது, ஏறுகிறவர்களின் பையை வாங்கி வைக்கவும் இடுப்புப் பட்டியை மாட்டவும் ஒவ்வொரு தடவையும் 20 செக்கன் கூடப் போகிறது என்று வையுங்கள். 100 செக்கனுக்கு ஒரு ரயில், மணித்தியாலத்துக்கு 36 ரயில், 1,152 பேர். வெறும் 20 செக்கன், மணித்தியாலத்துக்கு 288 பேரை வரிசையிலேயே நிறுத்திவிட்டது. எட்டு மணித்தியாலத்தில் 2,304 பேர்.

அந்த 20 செக்கன் கம்பனிக்குக் கம்பனி மாறும். கதிரை தரையிலிருந்து எவ்வளவு உயரம், அடுத்தவரைத் தாண்டாமல் ஏற முடியுமா, பாதுகாப்புச் சட்டத்தோடு தனியாகப் பட்டியும் மாட்ட வேண்டுமா, ஊழியர் ஒரே நடையில் எல்லாச் சட்டத்தையும் இழுத்துப் பார்க்க முடியுமா, எல்லாமே வடிவமைப்பு மேசையில் முடிவான விடயங்கள். மேடையில் நின்று கவனித்தால் தெரியும். நான்கு பேர் ஒரே வரிசையில் இருக்கும் ரயிலில், ஊழியர் இரு பக்கமும் நடந்து ஒவ்வொரு சட்டத்தையும் ஒருமுறை கீழே அமுக்கி ஒருமுறை மேலே இழுத்துப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார். பட்டி மாட்டும் ரயிலில் அதே ஊழியர் ஒவ்வொரு கதிரைக்கும் குனிய வேண்டும். அதிலும் ஒரு பிள்ளை பட்டியின் மேலேயே குந்தியிருந்தால் அதை எழுப்பி, பட்டியை எடுத்து, திரும்ப மாட்ட வேண்டும். இருபது செக்கன் போய்விட்டது.

பொலிகர் அண்ட் மபியார் 1988இல் தொடங்கிய கம்பனி. நான்கு பேர் அகல ரயில், விரைவாக ஏற்றி இறக்கும் மேடை, அடிக்கடி நிற்காத இயந்திரம் என்பவற்றால்தான் பெரிய பூங்காக்களில் இடம் பிடித்தது. இரண்டு மணித்தியாலம் வரிசை நிற்கும் பூங்காவுக்கு இந்தத் திறன் கூடுதல் விலையை நியாயப்படுத்திவிடும்.

ஆனால் எல்லாப் பூங்காவுக்கும் 1,440 தேவையா? வெகோமாவின் ‘பூமராங்’ என்ற வகையைப் பாருங்கள். உயரம் கிட்டத்தட்ட 35 மீற்றர், தண்டவாள நீளம் 285 மீற்றர்தான். ரயிலைப் பின்பக்கமாக ஓர் ஏற்றத்தில் இழுத்து விடுவார்கள். அது மேடையைக் கடந்து மூன்று முறை தலைகீழாகச் சுழன்று எதிர் ஏற்றத்தில் ஏறும். அங்கிருந்து அதே வழியே பின்னோக்கி வந்து மேடையில் நிற்கும். ஒரே ரயில், 28 கதிரை. ஏற்றி, ஓட்டி, இறக்க 132 செக்கன் என்றால் மணித்தியாலத்துக்கு 27 தடவை, 756 பேர். நாளுக்கு நாலாயிரம் பேர் வரும் பூங்காவுக்கு இது தாராளம். அப்படியான பூங்கா 1,440 பேரை ஏற்றும் கோஸ்டரை வாங்கினால், பாதி நாள் வெறும் கதிரைகளைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மின்சாரமும் சில்லுத் தேய்மானமும் மட்டும் குறையாது.

சுருக்கமாக: வரும் கூட்டத்துக்கு ஏற்ற ஏற்றுதிறன் வேண்டும். அதற்கு மேல் வாங்குவது வீண், கீழே வாங்குவது தலையிடி.

பல ரயில்கள் மோதாமல் ஓடுவது எப்படி?

ஏற்றுதிறனைக் கூட்ட ஒரே பாதையில் இரண்டு, மூன்று ரயில் ஓட்ட வேண்டும். இங்கேதான் ‘பிளாக்’ என்ற சொல் வருகிறது. கல்ஓயாவிலிருந்து திருகோணமலை வரும் ஒற்றை ரயில் பாதையை நினையுங்கள். முன்னால் போன ரயில் அடுத்த நிலையத்தை அடையும்வரை அந்தத் துண்டுக்குள் இன்னொரு ரயிலை விடமாட்டார்கள். கோஸ்டரிலும் பாதை இப்படித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டுதான் பிளாக். ஒவ்வொரு பிளாக்கின் முடிவிலும் ரயிலை முழுதாக நிறுத்தக்கூடிய ஏதாவது இருக்க வேண்டும்: ஏற்றச் சங்கிலி, பிரேக், அல்லது மேடை. முன்னால் உள்ள பிளாக் காலியானால்தான் கணினி அடுத்த ரயிலை விடும். ஆகவே ரயில்களின் எண்ணிக்கையைவிடப் பிளாக் குறைந்தது ஒன்றாவது கூட இருக்க வேண்டும். பூமராங்கில் ஒரே ரயில் என்பதால் இந்தச் சிக்கலே இல்லை. அது மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரேக்குகள் இரு வகை. ஒன்று, காற்றழுத்தத்தால் திறந்து, வில்லுச் சுருளால் மூடிப் பிடிக்கும் வகை. மின்சாரமோ காற்றோ போனால் தானாகவே பிடித்துக்கொள்ளும். மற்றது காந்த பிரேக். ரயிலின் அடியிலுள்ள உலோகத் தகடு வலுவான நிலைக்காந்தங்களுக்கு நடுவே போகும்போது தகட்டில் மின்னோட்டம் சுழன்று வேகத்தைக் குறைக்கும். இதற்கு மின்சாரமே தேவையில்லை, எதுவும் உரசாததால் தேய்வதும் இல்லை. ஆனால் வேகம் குறையக் குறைய அதன் பிடியும் குறையும், முழுதாக நிறுத்தாது. அதனால் இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். கரண்ட் போனால் மேலிருந்து விழுந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: ஏற்றத்தில் கேட்கும் ‘டக் டக் டக்’ சத்தம், ரயில் பின்னால் வழுகாமல் பல்லுப் பல்லாகப் பிடித்துக்கொண்டு போகும் தாழ்ப்பாளின் சத்தம்.

இவ்வளவும் கம்பனி கொடுப்பது. மீதி, ஓட்டுகிறவர்கள் கையில். 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ‘ஸ்மைலர்’ கோஸ்டரின் வெற்று ரயில் ஒன்று நடுப்பாதையில் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு முறை அடுத்த ரயிலைச் சரியாகவே நிறுத்திவைத்தது. தவறான எச்சரிக்கை என்று நினைத்த ஊழியர்கள் அந்தத் தடையை மீறி ஆட்களோடு ரயிலை அனுப்பினார்கள். 16 பேர் காயமடைந்தார்கள், இரு இளம்பெண்கள் கால் இழந்தார்கள். விசாரணையில் தண்டவாளத்திலோ, பெட்டியிலோ, கட்டுப்பாட்டு முறையிலோ குறை காணப்படவில்லை. பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 2016இல் 50 இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. அன்றைக்கு வீசிய காற்று, தயாரிப்பாளர் சொன்ன மணிக்கு 34 மைல் எல்லையைத் தாண்டியிருந்ததும் நீதிமன்றத்தில் வெளிவந்தது. ‘எந்தக் கம்பனி கோஸ்டர் பாதுகாப்பானது’ என்று கேட்பவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

சில்லு, கறள், கச்சான் காற்று

கோஸ்டர் ரயிலுக்கு மூன்று வகைச் சில்லு. தண்டவாளத்தின் மேலே உருளுவது பாரத்தைத் தாங்கும். பக்கத்தில் உள்ளது வளைவில் பிடிக்கும். கீழே உள்ளது ரயில் மேலே எழும்பிவிடாமல் தடுக்கும். மேல், பக்கம், கீழ் என்று தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருப்பதால்தான் தலைகீழாகப் போனாலும் ரயில் கழன்று விழாது. ஒரு மூலைக்கு ஆறு சில்லு என்று வைத்தாலும், முழு ரயிலுக்கு நூறை எளிதில் தொடும்.

சில்லின் நடுவில் அலுமினியம், சுற்றி ஒட்டிய கெட்டிப் பொலியூரிதேன் வளையம். பொலியூரிதேன் மென்மையாக ஓடும், சத்தம் குறைவு. ஆனால் பாரத்தோடு வேகமாக உருளும்போது உள்ளுக்குள்ளேயே சூடாகும். சூடு ஏறினால் அலுமினியத்தோடு உள்ள ஒட்டு விடுபட்டு, வளையம் துண்டு துண்டாக உரியும். நைலோன் வளையம் போட்டால் அதிக நாள் உழைக்கும், ரயிலும் வேகமாக ஓடும், பயணம் மட்டும் முரடாக இருக்கும். நம் ஊர் வைகாசி வெயிலில் மத்தியானம் இரும்புக் கேற்றைத் தொட்டவர்களுக்குத் தண்டவாளம் என்ன சூட்டில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குளிர்நாட்டில் சரியாக உழைத்த சில்லு இங்கே அதே நாள் உழைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ‘வெப்பநாட்டுப் பூங்காக்களுக்கு எந்தக் கலவைச் சில்லு கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டால், அனுபவமுள்ள கம்பனி உடனே பதில் சொல்லும். மற்றது சுற்றி வளைக்கும்.

அடுத்தது கறள். நம் கரையோர ஊரான உப்புவெளியின் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. தூண்களை உருகிய நாக உலோகத்தில் முக்கியெடுத்து, அதற்கு மேல் பெயின்ற் அடித்தால் உப்புக்காற்றை நெடுநாள் தாங்கும். ஆனால் சில்லு ஓடும் கோட்டில் பெயின்ற் நிற்காது. அங்கே வெறும் உருக்குத்தான். இரவில் மெல்லிய செங்கறள் படியும், காலையில் முதல் ஓட்டம் அதைத் துடைத்துவிடும். அது பிரச்சினையில்லை. பிரச்சினை, கண்ணுக்குத் தெரியாத இடங்களில்: உள்ளே பொள்ளலான தண்டவாளக் குழாய்க்குள் தேங்கும் தண்ணீர், இரண்டு துண்டுகளைப் பூட்டும் போல்ட்டின் இடுக்கு, தூண் கொங்கிறீற்றில் இறங்கும் இடம். தண்ணீர் வடியத் துளை விட்டிருக்கிறதா, போல்ட் எந்தத் தரம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் கைநூலில் எண்ணோடு இருக்க வேண்டும். ‘அவ்வப்போது சரிபார்க்கவும்’ என்று எழுதிய கைநூலை நான் கைநூலாகவே மதிப்பதில்லை.

வருடத்துக்கொருமுறை ரயிலை முழுதாகக் கழற்றி, அச்சுகளில் நுண்வெடிப்பு இருக்கிறதா என்று காந்தத்தூள் பரிசோதனை செய்ய வேண்டும். அச்சைக் காந்தமாக்கி, இரும்புத் தூளைத் தூவினால், வெடிப்பிருக்கும் இடத்தில் தூள் கோடாக ஒட்டும். ஐரோப்பியப் பூங்காக்கள் குளிர்காலத்தில் மூடிவிட்டு இதைச் செய்யும். திருகோணமலையில் அதற்குரிய காலம் மாரி, கார்த்திகையிலிருந்து தை வரை. ஆட்கள் வருவது வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் வீசும். உச்சக் கூட்டமும் உச்சக் காற்றும் ஒரே மாதத்தில். காற்று எல்லை 34 மைல் என்றும் 45 மைல் என்றும் கைநூல் உள்ள இரண்டு கோஸ்டர்களில் எதை வாங்குவீர்கள்? இப்படியான கேள்வி வேறிடத்துப் பூங்காவுக்கு அவ்வளவு பெரிதாக இல்லாமலிருக்கலாம், இங்கே அதுவே தீர்மானிக்கும்.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது: வாங்கும் விலை ஒருமுறை. சில்லு, அச்சு, போல்ட், பெயின்ற் என்பவை வருடாவருடம். கம்பனியைத் தேர்ந்தெடுப்பவர் இந்த இரண்டாவது கணக்கைத்தான் உட்கார்ந்து போடுவார்.

1994இல் திறந்த இரண்டு கோஸ்டர்கள்

1994இல் இங்கிலாந்தில் இரண்டு பெரிய கோஸ்டர்கள் திறந்தன. ஒன்று பிளாக்பூல் கடற்கரையில் ‘பிக் வன்’, ஆரோ டைனமிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி செய்தது. மற்றது ஆல்டன் டவர்ஸில் ‘நெமெசிஸ்’, பொலிகர் அண்ட் மபியார் செய்தது. அக்காலத்தில் ஆரோ சின்னக் கம்பனி இல்லை. 1959இல் டிஸ்னிலாண்டின் ‘மட்டர்ஹோர்ன்’ கோஸ்டரில் உருக்குக் குழாய்த் தண்டவாளத்தை முதலில் கொண்டுவந்த கம்பனியின் வழிவந்தது. ஆனாலும் 2001இல் நொடித்துப்போனது.

நெமெசிஸின் தண்டவாளம் களைத்துப்போனபோது, 2022 முடிவில் அதை மூடி, அதே கம்பனியிடம் புதுத் தண்டவாளம் செய்வித்து, 2024இல் திரும்பத் திறந்தார்கள். உருவமும் பாதையும் பழையதே, உருக்கு மட்டும் புதிது. பிக் வன்னுக்கு அந்த வசதி இல்லை. கடற்காற்றுக்குள் நிற்கும் அதன் தண்டவாளத்தின் சில பகுதிகளை வேறு பட்டறையிடம் செய்வித்து மாற்ற வேண்டியிருந்தது. முடியாத காரியம் இல்லை, செய்தும் காட்டிவிட்டார்கள். ஆனால் செய்தவன் உயிரோடிருந்தால் ஒரு கடிதத்தோடு முடியும் வேலை, அவன் இல்லாதபோது அளந்து, வரைந்து, புதிதாகக் கணக்குப் பார்க்கும் வேலையாகிவிடும்.

அதனால்தான் பூங்காக்கள் கம்பனியின் வயதையும் உரிமையாளரையும் பார்க்கின்றன. ஜெர்மனியின் மாக் குடும்பம் 1780இலிருந்து வண்டி செய்த குடும்பம். 1975இல் ‘யூரோப்பா பார்க்’ என்ற பூங்காவைத் தாங்களே திறந்து, தங்கள் ராட்டினங்களை அங்கேயே ஓட்டிக் காட்டினார்கள். வாங்க வருகிறவர் போய் ஏறிப் பார்க்கலாம், பராமரிக்கிறவரிடம் பேசலாம். விற்கிறவனே தன் சரக்கைத் தினமும் ஓட்டிப் பிழைக்கிறான் என்பதைவிட நல்ல விளம்பரம் இருக்க முடியுமா?

‘உலகிலேயே உயரமானது’ என்பதன் விலை

சாதனைக்காக வாங்கும் பூங்காக்களும் உண்டு. அமெரிக்காவின் சீடர் பொயின்ட் 2000இல் இன்டமின் கம்பனியிடம் 94 மீற்றர் உயரமான ‘மில்லேனியம் ஃபோர்ஸ்’ஸை வாங்கியது. செலவு 2.5 கோடி டொலர். கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டுப் பக்கம் கீழே கடலை எட்டிப் பார்த்திருந்தால் அந்த உயரத்தை ஒரளவுக்கு மனதில் பிடிக்கலாம். அது இன்றும் ஓடுகிறது. 2003இல் அதே பூங்கா, அதே கம்பனியிடம் 128 மீற்றர் ‘டொப் த்ரில் டிராக்ஸ்டர்’ வாங்கியது. இதில் ஏற்றச் சங்கிலி இல்லை. எண்ணெய் அழுத்தத்தால் சுழலும் பெரிய உருளை ஒரு கம்பி வடத்தைச் சுற்றி இழுக்க, ரயில் மணிக்கு 193 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். வடம், எண்ணெய், அழுத்தம், உருளை எனப் பழுதாகக்கூடிய பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்ததால் அடிக்கடி நின்றது. 2021இல் ரயிலிலிருந்து கழன்ற உலோகத் துண்டொன்று வரிசையில் நின்ற பெண்ணைத் தாக்கிப் படுகாயப்படுத்தியது. பூங்கா அதை அந்த வடிவில் திரும்பத் திறக்கவே இல்லை.

திரும்பக் கட்டும் வேலையை இத்தாலியின் சம்பெர்லாவிடம் கொடுத்தார்கள். எண்ணெய் உருளைக்குப் பதில், தண்டவாளத்தோடு பொருத்திய மின்காந்தங்கள் ரயிலைத் தள்ளும் முறை. 2024 மே மாதம் திறந்து ஒரு வாரமளவில் ரயில் பெட்டிகளில் திருத்தம் தேவை என்று மூடினார்கள். அந்தச் சீசன் முழுதும் போய், 2025இல்தான் திரும்ப ஓடியது. இன்டமினின் இன்னொரு பெரிய சாதனையான ‘கிங்டா கா’, 139 மீற்றர், அதே எண்ணெய் அழுத்த முறை. 2005இல் திறந்ததை 2025 பெப்ரவரியில் வெடிவைத்து விழுத்திவிட்டார்கள்.

இதில் இன்டமினையோ சம்பெர்லாவையோ குறை சொல்வதற்கில்லை. ஒரு வகையில் முதலாவதாகச் செய்யும் கோஸ்டர் முன்மாதிரி. அதன் பரிசோதனைக்கூடம், வாங்கிய பூங்காதான். பெரிய பூங்கா அந்தச் சூதாட்டத்தைத் தாங்கும், அதனிடம் இன்னும் பதினைந்து கோஸ்டர் இருக்கும். ஒரே கோஸ்டர் வைத்திருக்கும் பூங்கா தாங்காது.

நிலாவெளி வீதியில் ஒரு பூங்கா வந்தால்

பேச்சுக்கு, இங்கே ஒருவர் காணி வாங்கிப் பூங்கா போடுகிறார் என்று வைப்போம். என் வாக்கு, பத்துப் பதினைந்து மீற்றர் உயரமான குடும்பக் கோஸ்டருக்கு. வெகோமா, ஜெர்மனியின் சியரர், சம்பெர்லா போன்ற கம்பனிகளின் பட்டியலில் உள்ள, மாற்றம் எதுவும் செய்யாத மாதிரி ஒன்று. ஏற்கெனவே பல நாடுகளில் பல வருடம் ஓடியதாக இருக்க வேண்டும். அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் சேர்ந்து ஏறக்கூடியது. இங்கே ஆட்கள் குடும்பமாகத்தான் வருவார்கள், 139 மீற்றருக்கு ஏற யாரும் வரிசையில் நிற்கமாட்டார்கள்.

பிறகு இலங்கைக்குரிய தலையிடிகள். தண்டவாளத் துண்டுகள் 40 அடிக் கொள்கலனுக்குள் அடங்குமா, இல்லாவிட்டால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திறந்த லொறியில் கொண்டுவர வேண்டும். உதிரிப்பாகத்தின் விலை யூரோவில். 2022இல் வங்கிகள் எல்சி, அதாவது இறக்குமதிக்கான கடனுறுதிக் கடிதம், திறக்க முடியாமல் நின்ற மாதங்களை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்படியொரு மாதத்தில் சில்லு உரிந்தால் கோஸ்டர் வெறும் சிலையாக நிற்கும். ஆகவே முதல் ஒப்பந்தத்திலேயே இரண்டு வருடத்துக்குரிய சில்லு, பெயாரிங், பிரேக் கட்டை, உணரிகள், இரண்டு உதிரி அச்சு என்று எண்ணி எழுதி வாங்க வேண்டும். பெயாரிங்கின் இலக்கம் கம்பனியின் சொந்த இலக்கமா, சந்தையில் எங்கும் கிடைக்கும் பொது இலக்கமா என்றும் பார்க்க வேண்டும். பொது இலக்கம் என்றால் கொழும்பிலேயே எடுக்கலாம்.

பாவித்த கோஸ்டரை மலிவாகத் தருகிறோம் என்று யாராவது வருவார்கள். வாங்கலாம், தவறில்லை. ஆனால் கோஸ்டரைவிட அதன் காகிதங்கள் பெறுமதியானவை: எத்தனை மணித்தியாலம் ஓடியது, எந்த அச்சு எப்போது மாறியது, ஒவ்வொரு வருடப் பரிசோதனை அறிக்கை. ஐரோப்பியத் தரமான ஈஎன் 13814 அல்லது அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப் 2291இன்படி கணக்குப் பார்த்த ஆவணம் இல்லாவிட்டால் அது பழைய இரும்புதான், கிலோக் கணக்கில் விலை பேசலாம்.

கையெழுத்து வைக்குமுன், அதே மாதிரியை வைத்திருக்கும் இரண்டு பூங்காக்களின் பெயரைக் கம்பனியிடம் கேட்டு வாங்கி, அங்குள்ள பராமரிப்புப் பொறுப்பாளரோடு நேரே பேச வேண்டும். ஒன்றாவது வெப்பநாட்டில், முடிந்தால் கடற்கரையில் இருக்க வேண்டும். கேட்க இரண்டே கேள்வி: போன வருடம் பழுதால் எத்தனை நாள் மூடினீர்கள்? கடைசியாகக் கேட்ட உதிரிப்பாகம் கைக்கு வர எத்தனை நாள் எடுத்தது?